குழாயடிச் சரித்திரம்

ராஜாக்களின் சரித்திரத்தை எழுதியவர்கள் அநேகர். கோட்டை கட்டியவன் பெயரும் அதை இடித்தவன் பெயரும் பள்ளிக்கூடத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகின்றன. ஆனால் காலையில் எழுந்தவுடன் நாம் முதன்முதலில் கை வைக்கிற பொருளுக்குச் சரித்திரம் எழுத யாரும் அவ்வளவாக முன்வந்ததில்லை. நான் சொல்வது தண்ணீர்க் குழாயின் திருகைப் பற்றி. முகம் கழுவும் தொட்டியின் தலைமாட்டில், வாத்தின் கழுத்தைப் போல வளைந்து நிற்கிறதே, அந்தச் சின்னப் பித்தளைச் சாமானைப் பற்றி.

புது வீடு கட்டுகிறவர் எவரும் ஒரு நாள் இந்தச் சாமானில் வந்து முட்டிக்கொள்ளாமல் போவதில்லை. சிமெண்டு, கம்பி, மரம் முதலியவற்றுக்குக் கொத்தனாரும் ஆசாரியும் யோசனை சொல்லிவிடுவார்கள். குழாய்க்கு மட்டும் வீட்டுக்காரர் குடும்ப சமேதராகக் கடைக்குப் போகிறார். கடைச் சுவர் முழுவதும் வெள்ளி மாதிரி மின்னுகிறது. ஒற்றைப் பிடி வைத்தது, இரட்டைத் திருகு வைத்தது, நெட்டையானது, குட்டையானது என்று ஒரு கல்யாணக் கூட்டமே அங்கே நிற்கிறது. வீட்டம்மாளுக்கு எது பிடிக்கிறதோ அதை வாங்கி வந்து மாட்டுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அது நூல் மாதிரி ஒழுகுகிறது. இல்லாவிட்டால் ராத்திரியெல்லாம் சொட்டுகிறது. உடனே குழாய் செய்த கம்பெனிக்காரனுக்கு வசவு விழுகிறது.

பல சமயங்களில் கம்பெனிக்காரன் பேரில் குற்றம் இருப்பதில்லை. குழாயைப் பார்த்து வாங்கியவர், அதற்குள் வரப்போகிற தண்ணீரைப் பார்க்கவில்லை. இதுவரை செய்யப்பட்ட குழாய் வகை ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரின் தண்ணீருக்காகவும், அந்த ஊர் மனிதர்களின் பழக்கத்துக்காகவும் செய்யப்பட்டது. அது எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்பது தெரிந்துவிட்டால், நம் வீட்டுக்கு அது உதவுமா உதவாதா என்பதும் தெரிந்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்ள நமது தாமிரபரணிச் சீமையைப் போல வாய்ப்பான இடம் வேறு இல்லை. மாஞ்சோலை மலையிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரைக்கு ஒரே நாளில் இறங்கிவிடலாம். அந்த ஒரு நாள் தூரத்துக்குள் தண்ணீர் தன் வேகத்தையும் குணத்தையும் ருசியையும் மாற்றிக்கொண்டே வருகிறது. ஆகையால் தண்ணீர் வருகிற வழியே நாமும் மேலிருந்து இறங்கி வருவோம்.

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மாஞ்சோலை இருக்கிறது. அதற்கு அப்பால் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. ஒரு காலத்தில் இவையெல்லாம் சிங்கம்பட்டி ஜமீனைச் சேர்ந்த காடு. 1929ல் ஜமீன்தார் இதில் 8,373 ஏக்கரைப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார். பெயரைக் கேட்டதும் சரித்திரம் படித்தவர்களுக்கு ஞாபகம் வரலாம். 1885ல் இந்தக் கம்பெனிக்கும் பர்மாவின் திபா மன்னனுக்கும் தேக்கு மரத்தின் பேரில் ஏற்பட்ட தகராறைச் சாக்காக வைத்துத்தான் வெள்ளைக்காரர்கள் அந்த மன்னனுடைய ராஜ்யத்தையே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கம்பெனிதான் இந்த மலையில் தேயிலை போட்டது.

ஊத்து என்ற பெயரைக் கவனியுங்கள். ஊற்று என்பதைத் திருநெல்வேலிக்காரர்கள் ஊத்து என்பார்கள். நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்கிற இடங்களைச் சேர்ந்தவை. இப்படிப்பட்ட ஊரில் தண்ணீருக்குத் திருகு எதற்கு? ஓடையிலிருந்து ஒரு மூங்கிலையோ தகரத்தையோ சாய்த்து வைத்தால் போதும். தண்ணீர் இரவும் பகலும் விழுந்துகொண்டே இருக்கும். நம்மவர்கள் கூலிகளாகப் போய்ச் சேர்ந்த இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்குப் பீலி என்று பெயர். பீலிக்கரையில்தான் குளியல், துவையல், ஊர்வம்பு எல்லாம். பீலியை மூட முடியாது. மூடவேண்டிய அவசியமும் இல்லை. யாரும் எடுக்காத தண்ணீர் கீழே இருக்கிற ஓடைக்கே திரும்பப் போய்விடுகிறது.

ஆகவே குழாய் வேறு, திருகு வேறு. தண்ணீரைக் கொண்டுவருவதற்குக் குழாய் போதும். அதை நிறுத்தி வைக்கவேண்டும் என்ற எண்ணம், தண்ணீரைச் சேமிக்கவோ, பங்கு போடவோ, விற்கவோ வேண்டி வந்த இடத்தில்தான் பிறந்தது. ரோமாபுரியில் அது இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே பிறந்துவிட்டது. கி.பி. 79ல் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பாம்பேயி நகரத்தைத் தோண்டினபோது, ஈயக் குழாய்களும் வெண்கலத் திருகுகளும் அகப்பட்டன. அதன் சூட்சுமம் மிகவும் எளிது. ஒரு வெண்கலக் கூட்டுக்குள் இறுக்கமாக உட்காரும் முளை. முளையின் நடுவில் ஒரு துவாரம். துவாரம் குழாய்க்கு நேராக நின்றால் தண்ணீர் வரும். கால் சுற்றுத் திருப்பினால் நின்றுவிடும்.

இந்த முளைத் திருகு பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் ராஜ்யம் செய்தது. இங்கிலாந்து நகரங்களில் தண்ணீர்க் கம்பெனிகள் ஏதோ சில மணி நேரம் மட்டும், அதுவும் வலுவில்லாமல், தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மட்டும் அதற்குச் சிரமம் இல்லை. ஜனங்கள் தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இன்று நம் ஊர்களில் நடக்கிற மாதிரிதான். 1830களில் நாட்டிங்ஹாம் நகரில் தாமஸ் ஹாக்ஸ்லி என்ற இன்ஜினீயர், இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்க ஏற்பாடு செய்தார். அப்போது முளைத் திருகின் குறை வெளிப்பட்டது. ஓயாத அழுத்தத்தில் அது கசிந்தது. சட்டென்று மூடினால், ஓடிவந்த தண்ணீர் சுவரில் மோதிய வண்டி மாதிரி முட்டி, குழாயே அதிர்ந்தது. இந்த முட்டல் பலமாக இருந்தால் குழாய் வெடித்துவிடுவதும் உண்டு.

இதற்கு மாற்றாக 1845ல் ராதர்ஹாம் என்ற ஊரில் கெஸ்ட் அண்டு கிரைம்ஸ் பித்தளைப் பட்டறைக்காரர்கள் ஒரு புதுத் திருகு செய்தார்கள். ஒரு மரைத்தண்டு, அதன் அடியில் ஒரு தோல் வில்லை. திருகத் திருக வில்லை மெதுவாக இறங்கித் தண்ணீரின் வாயை அடைக்கும். மெதுவாக மூடுவதால் முட்டல் இல்லை. வில்லை தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிற்காலத்தில் தோல் போய் ரப்பர் வந்தது. வாஷர் என்று பெயர் வந்தது. நம்முடைய பாட்டனார் காலத்திலிருந்து பார்த்துவருகிற பித்தளைக் குழாய், இந்த ராதர்ஹாம் குழாயின் சந்ததிதான். சென்னைக்குச் செங்குன்றம் ஏரித் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்த திட்டம் 1872ல் நிறைவேறியது. அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீர் பரவின ஊருக்கெல்லாம் இந்தத் திருகும் கூடவே போயிற்று.

மறுபடியும் மலைக்கு வருவோம். தேயிலைத் தோட்டங்களில் துரைமார் பங்களாக்களின் ஸ்நான அறையில் பொதுவாக இரண்டு குழாய்கள் இருக்கும். தொட்டியின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. ஒன்றில் வெந்நீர், மற்றதில் பச்சைத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ தூரம். இதைப் பார்க்கிற தமிழர் எவருக்கும், "இந்த வெள்ளைக்காரனுக்கு இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கத் தெரியவில்லையே!" என்று தோன்றும்.

அவனுக்குத் தெரியாமல் இல்லை. இங்கிலாந்து வீடுகளில் பச்சைத் தண்ணீர் தெருக் குழாயிலிருந்து நேராக வரும். அது குடிக்கிற தண்ணீர். வெந்நீரோ மச்சில் இருக்கிற திறந்த தொட்டியிலிருந்து இறங்கி வரும். அந்தத் தொட்டியில் எலி விழுந்து கிடக்கலாம், புறா விழுந்து கிடக்கலாம். அந்த நீர் ஒருபோதும் குடிநீர்க் குழாய்க்குள் புகுந்துவிடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அதனால் இரண்டையும் பிரித்து வைத்தார்கள். அதோடு, அவர்களுடைய முகம் கழுவும் முறையும் வேறு. தொட்டியின் துவாரத்தை அடைத்து, இரண்டு குழாயையும் திறந்து, பதமான சூட்டில் நிரப்பி, அந்த நீரிலேயே கையையும் முகத்தையும் கழுவுவார்கள். அவர்களுக்கு இரண்டு குழாய் ஒரு குறையாகப் படவில்லை.

நமக்கோ நின்ற தண்ணீரில் முகம் கழுவுவது ஆகாது. கழுவிய நீரையே மறுபடியும் முகத்தில் வாரி விடுவதா என்று கேட்போம். செம்பில் மொண்டு விட்டுக்கொள்வோம், அல்லது விழுகிற தண்ணீரில் கை நீட்டுவோம். ஓடுகிற தண்ணீரில் கழுவுகிறவன் கைக்கு இந்த இரட்டைக் குழாய் ஒரு தண்டனை. ஒரு பக்கம் போனால் சுடும். மறு பக்கம் போனால் மார்கழிக் குளிர். அப்படியும் நம் ஊர்களில் வெகு காலம் இரண்டு துவாரம் போட்ட தொட்டியைத்தான் பெருமையாக வாங்கி மாட்டி வந்தார்கள். துரை வீட்டில் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்வதற்கில்லை.

சூடும் குளிர்ச்சியும் ஒரே பிடிக்குள் அடங்கினது அமெரிக்காவில். 1937ல் ஸியாட்டில் நகரத்தில் ஆல் மோயன் என்ற இளைஞர் படித்துக்கொண்டே மோட்டார்ப் பட்டறையில் வேலையும் பார்த்து வந்தார். வேலை முடிந்து கை கழுவும்போது, எதிர்பாராமல் கொதிக்கிற நீர் வந்து கையைச் சுட்டுவிடப் பார்த்தது. ஒரே கையால் சூட்டையும் அளவையும் சேர்த்து நடத்துகிற மாதிரி ஒரு குழாய் செய்தால் என்ன என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தார். நடுவில் யுத்தம் வந்து பித்தளைக்குத் தட்டுப்பாடு. கடைசியில் 1947ல்தான் அது விற்பனைக்கு வந்தது. இன்றைக்குக் கடைச் சுவரில் மின்னுகிற ஒற்றைப் பிடிக் குழாய்களுக்கெல்லாம் அதுதான் மூத்த அண்ணன். ஓடுகிற தண்ணீரில் கை கழுவும் நமக்கு, பழக்கத்தைப் பொறுத்தவரையில், இது துரையின் குழாயைவிடப் பொருத்தமானது. ஆனால் தண்ணீரைப் பொறுத்தவரையில்? அதைக் கொஞ்சம் கீழே இறங்கிய பிறகு பார்ப்போம்.

மலைத் தண்ணீருக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது வேகம். தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து குழாய்க்குள் நின்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். மலை உச்சியில் ஊற்றை மறித்துக் குழாய் போட்டு, நூறு மீட்டர் கீழே இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவந்தால் பத்து கிலோ. அந்த அழுத்தத்தை வீட்டுக் குழாயில் விட்டால் வாஷர் தாங்காது. நடுவழியில் ஒரு திறந்த தொட்டி கட்டி, தண்ணீரை அதில் விழவைத்து வேகத்தைக் கொன்று, பிறகு கீழே விடவேண்டும். இரண்டாவது குணம் மென்மை. மழை நீர் பாறையில் வழிந்து நேரே குழாய்க்கு வருவதால் அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இலைச் சருகில் ஊறி லேசாகப் புளிப்பும் ஏறியிருக்கும். இப்படிப்பட்ட நீர் சாது மாதிரி இருந்துகொண்டே மட்டமான பித்தளையிலிருந்து துத்தநாகத்தைத் தின்றுவிடும். வெளியில் முலாம் மின்னும். உள்ளே செம்பு மட்டும் பஞ்சு மாதிரி நிற்கும். ஒரு நாள் கையோடு முறிந்து வரும். ஆகவே மலையில் கன்மெட்டல் என்கிற பீரங்கி வெண்கலம்தான் நிலைக்கும். பித்தளையில் கலந்த காரீயமும் இந்த மென்மையான நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையக் கூடியது. அமெரிக்காவில் 2014 முதல், குடிநீர் படுகிற குழாயில் காரீயம் சராசரியாக 0.25 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே அமலுக்கு வந்தது. ராத்திரி முழுவதும் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் கொஞ்சம் விட்டுவிட்டுப் பிடிப்பது எந்த ஊரிலும் நல்ல வழக்கம்.

இது பங்களாவின் சமாசாரம். தோட்டத்தில் வேலை செய்தவர்களின் லைன் வீடுகளில் எந்தக் குழாய் நல்லது என்ற கேள்விக்கே இடம் இருந்ததில்லை. தோட்டங்களில் பொதுவாக ஒரு வரிசை வீடுகளுக்குச் சேர்த்துப் பொதுவில் ஒரு குழாய். தொழிலாளர்களுக்குப் போதுமான நல்ல குடிதண்ணீர் ஏற்பாடு செய்து தரவேண்டியது முதலாளியின் கடமை என்று சட்டத்தில் எழுத, 1951ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வரவேண்டியிருந்தது. கொழுந்து கிள்ளிவிட்டு வந்தவள் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில், குழாயின் அழகைப் பற்றி யார் யோசிக்கப் போகிறார்கள்? தண்ணீர் வருமா என்பதுதான் அங்கே கேள்வி.

ஆனால் பொதுக் குழாய்க்கென்றே யோசித்துக் குழாய் செய்த ஒருவர், இந்த மலைக்கு அந்தப் பக்கத்திலேயே இருந்தார். திருவனந்தபுரத்துக்கு அருவிக்கரையிலிருந்து கரமனை ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து 1933ல் வைஸ்ராய் வில்லிங்டன் பிரபுவின் பெயரால் நீர் நிலையம் திறந்தார்கள். கரமனை ஆறும் அகத்தியர் மலைத் தொடரில் பிறப்பதுதான். தாமிரபரணி கிழக்கே வருகிறது, அது மேற்கே போகிறது. திருவிதாங்கூர் சர்க்கார் உத்தியோகஸ்தரான ஜே. பி. சுப்பிரமணிய ஐயர், தெருக் குழாய்களை ஜனங்கள் திறந்துபோட்டுவிட்டுப் போவதால் தண்ணீர் வீணாவதைப் பார்த்தார். "மூடிவிட்டுப் போங்கள்" என்று போர்டு எழுதி மாட்டினால் நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். மூடவே வேண்டாத ஒரு குழாயைச் செய்தார். அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற தண்டைக் கையால் மேலே தூக்கினால் தண்ணீர் வரும். கையை எடுத்தால் தண்டு தானாகவே இறங்கி அடைத்துக்கொள்ளும். இதுதான் ஜெய்சன் குழாய். தெருக்களிலும் ரயில் பெட்டிகளிலும் நாம் பார்த்த குழாய். இங்கிலாந்துக்காரனும் அமெரிக்கனும் தங்கள் வீட்டு ஸ்நான அறையை நினைத்துக் குழாய் செய்தார்கள். தெருவில் போகிற முன்பின் தெரியாத மனிதனின் கையை நினைத்து இவர் செய்தார்.

இனி சமவெளிக்கு இறங்குவோம். மாஞ்சோலைத் தண்ணீர் மணிமுத்தாற்றில் சேர்ந்து, மணிமுத்தாறு தாமிரபரணியில் சேர்ந்து, திருநெல்வேலிக்கு வரும்போது மலையில் இருந்த வேகம் போய்விடுகிறது. ஊருக்குள் ஆற்றுத் தண்ணீர் வருவது சில மணி நேரம். மீதி நேரத்துக்குக் கிணறோ ஆழ்துளைக் குழாயோ. இரண்டும் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து கீழே இறங்குகின்றன. தொட்டிக்கும் முகம் கழுவும் குழாய்க்கும் மூன்று மீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு கிலோ, இரண்டு கிலோ, மூன்று கிலோ அழுத்தத்தை மனத்தில் வைத்துச் செய்த ஒற்றைப் பிடிக் குழாய்க்கு இது எப்படிப் போதும்? அதன் வயிற்றுக்குள் இருக்கிற சந்துபொந்துகளிலும், மூக்கு நுனியில் இருக்கிற சல்லடையிலும் புகுந்து வெளியே வருவதற்குள் தண்ணீர் களைத்துப்போய்விடுகிறது. மாடி வீட்டில் தரைத்தளத்துக் குழாய் நன்றாக வரும். மாடிக் குழாய் அழும். இரண்டும் ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கினதாக இருக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கடைகளில் இதெல்லாம் தெரிந்த வியாபாரிகள் இல்லாமல் இல்லை. "அண்ணாச்சி, நல்ல சாமானா ஒண்ணு எடுத்துப் போடுங்க" என்று கேட்டால், அவர் விலைப்பட்டியலைத் தொடமாட்டார். "டேங்க் எம்புட்டு ஒசரத்துல இருக்கு? ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா?" என்று கேட்பார். வாங்க வந்தவர், "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? அந்த வளைஞ்ச மாடலைக் காட்டுங்க" என்பார். வளைந்த மாடல் இறங்கும். வியாபாரிக்கு என்ன? அவர் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டார்.

ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா என்ற அந்தக் கேள்வியில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. பூமிக்கு அடியில் போகப் போகத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் ஏறுகின்றன. கடற்கரையை நெருங்க நெருங்க இன்னும் அதிகம். மலையில் உலோகத்தைத் தின்ற தண்ணீர், இங்கே உலோகத்தின் மேல் வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. இப்போது வருகிற கால் சுற்றுக் குழாய்களின் உள்ளே வாஷர் கிடையாது. கண்ணாடி போல மழமழவென்று இழைத்த இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தண்ணீரை அடைக்கின்றன. ரோமாபுரியின் முளைத் திருகு வேறு உடம்பில் மறுபிறவி எடுத்துவந்த மாதிரிதான். சுத்தமான நீரில் இவை பல வருஷம் உழைக்கும். மணலும் பொருக்கும் வருகிற நீரில் வில்லை கீறிவிடும், கீறினால் சொட்டும். வாஷர் குழாயானால் சொற்ப விலையில் வாஷரை மாற்றலாம். இதற்கோ உள்ளே இருக்கிற கூடு முழுவதையும் மாற்றவேண்டும். அது அதே கம்பெனியில்தான் கிடைக்கும். ஒரு நொடிக்கு ஒரு சொட்டு என்றால் அற்பமாகத் தோன்றுகிறது. ஒரு நாளைக்கு அது இருபது லிட்டருக்கு மேல். அதாவது ஏறக்குறைய இரண்டு குடம்.

இரண்டு குடம் தண்ணீரின் மதிப்பு என்ன என்று தூத்துக்குடியில் கேட்கவேண்டும். முத்தும் உப்பும் கப்பலும் இருந்த அந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. 1909 முதல் பல தடவை நகரசபைத் தலைவராக இருந்த ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 1927ல் தண்ணீர் வந்து சேர்ந்தது. மூன்று வருஷம் கழித்து 1930ல் அவர் காலமானார். அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அவரைத் தூத்துக்குடியின் தந்தை என்கிறார்கள். தெருவில் நட்ட ஒரு குழாயைத் திறந்ததும் நல்ல தண்ணீர் விழுகிறதைப் பார்த்த அந்தத் தலைமுறை, குழாயின் வளைவையா பார்த்திருக்கும்?

அதே 1927ம் வருஷம் மார்ச் மாதத்தில், பம்பாய் மாகாணத்து மஹாட் என்ற ஊரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து சென்று ஒரு பொதுக் குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்தார். அந்தக் குளத்துத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களின் உரிமைக்காக. குளத்தில், கிணற்றில் இருந்த விலக்கு, குழாய் வந்தவுடன் தானாகவே ஒழிந்துவிடவில்லை. குழாயடியிலும் முன்னே நிற்பவர், பின்னே நிற்பவர் என்று அது தொடர்ந்தது. ஆனாலும் வித்தியாசம் உண்டு. கிணறு ஒருவன் தோண்டியது என்று சொல்லி மற்றவனை விலக்கலாம். எல்லோருடைய வரிப் பணத்திலும் வருகிற குழாயில் அப்படிச் சொல்ல வாய் கூசும். கூசாதவனைச் சட்டத்தின் முன் நிறுத்தலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எந்தக் குழாய் வாங்கலாம் என்று சொல்லாமல் போனால் வாசகர்கள் என்னை விடமாட்டார்கள். சரித்திரத்திலிருந்து கிடைக்கிற யோசனை இவ்வளவுதான். முதலில் தொட்டியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மூன்று மீட்டரானால் உள்வழி தாராளமாக இருக்கிற சாதாரணத் திருகோ, குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்ததோதான் உதவும். ஒற்றைப் பிடிதான் வேண்டுமானால் அழுத்தம் கொடுக்கிற மோட்டாரையும் சேர்த்துச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாவது, தண்ணீரை ஒரு பாத்திரத்தில் காய்ச்சிப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பொருக்குத் தங்கினால், பிரித்துக் கழுவ வசதியான குழாயை வாங்குங்கள். மூன்றாவது, மூக்கின் நீளத்தைத் தொட்டியோடு பொருத்திப் பாருங்கள். தண்ணீர் துவாரத்தின் பக்கத்தில் விழவேண்டும். குட்டை மூக்கானால் கை பின்சுவரில் இடிக்கும். அளவுக்கு மீறி உயர்ந்த மூக்கானால் சட்டையெல்லாம் தெறிக்கும். தொட்டியில் எத்தனை துவாரம் இருக்கிறது என்பதையும் வீட்டிலேயே எண்ணிக்கொண்டு போங்கள். நாலாவது, வீட்டில் வயதானவர்கள் இருந்தால், ஈரக் கையால் பிடித்துத் திருகவேண்டிய வழவழப்பான உருண்டைத் திருகு வேண்டாம். புறங்கையாலும் தள்ளக்கூடிய நீண்ட பிடி நல்லது. கடைசியாக, கையில் எடுத்துக் கனத்தைப் பாருங்கள், உள்சாமான் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். விலையைப் பார்ப்பது இவற்றுக்கெல்லாம் பிறகு.

இப்படி அளந்தும் எண்ணியும் கேட்டும் ஒரு குழாயைத் தேர்ந்தெடுக்க வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். மாஞ்சோலையின் லைன் வீடுகளில் மூன்று நாலு தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை. வீடு கம்பெனியுடையது, ஆகவே சுவரும் குழாயும் கம்பெனியுடையவை. 1999 ஜூலை 23ந் தேதி, அவர்களுடைய கூலிக் கோரிக்கைக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடந்து, 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். தாங்கள் குடித்துப் பழகிய மலைத் தண்ணீர் வந்து சேர்கிற ஆறு அது. 2024 ஜூன் மாதத்தில் கம்பெனி தோட்ட வேலையை நிறுத்திக்கொண்டது. தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்றார்கள். வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரையில் போயிற்று. குழாயின் திருகு நம் கையில் இருக்கலாம். அதற்கு மேலே எங்கோ ஓரிடத்தில் இருக்கிற பெரிய திருகு யார் கையில் இருக்கிறது என்பதை மனிதர்கள் வீட்டைக் காலி செய்கிற அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

சிங்கம்பட்டி ஜமீன்தார் எழுதிக் கொடுத்த 99 வருஷக் கெடு 2028ல் முடிகிறது. சுற்றியுள்ள காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஊத்திலும் நாலுமுக்கிலும் பெய்கிற மழை எந்தத் திருகுக்கும் நிற்காமல் மணிமுத்தாற்றுக்கு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் ஒரு கை நீர் என்றைக்காவது உங்கள் வீட்டு முகம் கழுவும் தொட்டியிலும் வந்து விழும். சொட்டவிடாமல் மூடுங்கள்.